வீட்டு விலையில் பஸ் கட்டணமும் சேர்த்தி



உங்கள் வீட்டுக்குப் பாத்திரம் துலக்க வருகிறவர், அடுக்குமாடியில் இரவுக் காவல் பார்க்கிறவர், விடியும் முன்பே தெருவைக் கூட்டிவிட்டுப் போகும் தூய்மைப் பணியாளர், கூடையைத் தலையில் சுமந்து மீன் விற்க வரும் அம்மா. இவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா? சென்னையில் இருக்கும் வாசகர்கள் கேட்டுப் பார்த்தால் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், "முன்னாடி இங்கதான் சார் இருந்தோம், பாலத்துக்குப் பக்கத்துல. வீடு குடுத்து அங்க அனுப்பிட்டாங்க" என்பார்கள். வீடு கொடுத்ததில் அவர்களுக்கு நன்றி உண்டு. அனுப்பியதில் ஆறாத வருத்தமும் உண்டு. இந்த இரண்டையும் சேர்த்து உங்களோடு பேச வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். இந்த மாதம் அதற்கு இந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊரில் அரசு வீடு என்றால் இரண்டு வாரியங்கள் நினைவுக்கு வரும். ஒன்று 1961இல் உருவான வீட்டு வசதி வாரியம், மக்கள் சொல்லும் 'ஹவுசிங் போர்டு'. அண்ணா நகர், கலைஞர் கருணாநிதி நகர், பெசன்ட் நகர் எல்லாம் அதன் கைவண்ணம். மாதச் சம்பளமும் தவணை கட்டும் தெம்பும் உள்ள குடும்பங்களுக்குப் பெரும்பாலும் அது பயன்பட்டது. மற்றொன்று, மாதச் சம்பளம் என்ற ஒன்றையே அறியாதவர்களுக்காக 1970இல் பிறந்தது: குடிசை மாற்று வாரியம். 2021இல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றப்பட்டது. கடைத்தெருவில் இன்னமும் அது 'ஸ்லம் போர்டு'தான். நான் இங்கே பேசப் போவது இந்த இரண்டாவது வாரியத்தைப் பற்றி.

அது பிறந்த நேரத்தை நினைத்துப் பார்க்கலாம். ஓலைக் குடிசையில் ஒரு பொறி விழுந்தால் தெருவே சாம்பலாகும். மழைக்காலத்தில் கூவமும் அடையாறும் பக்கிங்காம் கால்வாயும் வீட்டுக்குள் வரும். முதலமைச்சர் கருணாநிதி தொடங்கிவைத்த வாரியத்துக்கு, எழுத்தாளரும் பத்திரிகையாளருமான இராம. அரங்கண்ணல் தொடக்க காலத்தில் தலைவராக இருந்தார். ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்பது பற்றிய அண்ணாவின் வாசகத்தை வாரியம் தன் முழக்கமாக எடுத்துக்கொண்டது. ஏழே ஆண்டுகளில் சென்னையில் குடிசையே இல்லாமல் செய்துவிடலாம் என்று அன்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் குறைவாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. ஏழைக்குக் கான்கிரீட் கூரை கொடுக்க வேண்டும் என்று ஓர் அரசு சட்டம் போட்டுச் சொன்ன காலம் அது.

அந்த 1971ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி ஒரு விஷயம் அதிகம் பேருக்குத் தெரியாது. ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு முறைப்படி அறிவித்துவிட்டால், அங்கே குடியிருப்பவரை நில உரிமையாளர் தன் விருப்பத்துக்கு வெளியேற்ற முடியாது. அதற்கென்று உள்ள அதிகாரியின் அனுமதி வேண்டும். ஆக, வீடு கட்டிக் கொடுப்பதற்கு முன்பே, இருக்கிற இடத்தில் நிம்மதியாக இருக்க ஒரு காப்பு. சென்னையில் 1971இல் 1,202 பகுதிகள் இப்படி அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17. அதோடு அறிவிப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு வந்தவர்களும் பின்னர் வளர்ந்த பகுதிகளில் இருப்பவர்களும் இந்தக் காப்புக்கு வெளியே நிற்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாநகராட்சியில் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல்; நகர மக்களில் ஏறத்தாழ 29 சதவீதம். இவ்வளவு பேரின் தலைவிதியோடு தொடர்புள்ள ஒரு பட்டியல் இத்தனை ஆண்டுகளாகத் திறக்கப்படாமலே இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வாரியம் முதலில் கட்டிய வீடுகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பத்தில், மீனவர்கள் வலை காயப்போட்ட அதே மணலுக்குப் பக்கத்தில், தரைத்தளமும் அதற்கு மேல் சில மாடிகளுமாக எழுந்தன. நகரத்தின் உள்ளே இன்னும் பல இடங்களிலும் அப்படியே. குடிசை இருந்த இடத்திலேயே கட்டடம். கட்டி முடியும்வரை பக்கத்தில் எங்காவது தற்காலிகத் தங்கல். வீடு சின்னது, படிக்கட்டு குறுகல், தண்ணீருக்குக் கீழே வரிசை. ஆனால் கட்டுமரம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாறவில்லை. கடனுக்கு அரிசி கொடுக்கும் அண்ணாச்சி மாறவில்லை. காய்ச்சல் வந்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள எதிர் வீட்டு ஆயா இருந்தார்.

இன்னொரு வழியும் அந்தக் காலத்தில் முயன்று பார்க்கப்பட்டது. 1977இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் அரசு முழு வீடு கட்டித் தரவில்லை. மனை பிரித்து, சாலை போட்டு, குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் மின்சாரமும் கொண்டுவந்து கொடுத்தது. வீட்டை அவரவர் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ள வேண்டும். சின்ன மனையும் பெரிய மனையும் ஒரே தெருவில் கலந்து வரும்படி திட்டமிட்டார்கள். கட்டி முடிக்கத் தாமதமாகிறது, எதிர்பார்த்த வேகத்தில் மக்கள் குடிவரவில்லை என்ற குறைகளோடு உலகம் முழுக்கவே இந்த முறை பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் பல ஆண்டுகள் கழித்து உலக வங்கியின் ஆய்வாளர்களே மும்பைக்கும் சென்னைக்கும் திரும்பி வந்து பார்த்தார்கள். தோல்வி என்று நினைத்தது வெற்றியாக இருந்ததைக் கண்டு 2018இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இன்றைக்கு அரும்பாக்கத்தில் நடந்து போகிறவருக்கு, இது ஏழைகளுக்காக அரசு பிரித்த மனை என்று யாராவது சொன்னால்தான் தெரியும். மாடி எழுந்திருக்கிறது, கீழே கடை இருக்கிறது, மேலே வாடகைக்குக் குடி இருக்கிறது.

நகருக்கு வெளியே போகும் கதை 2000ஆம் ஆண்டில் கண்ணகி நகரோடு வேகமெடுத்தது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில், பழைய மாமல்லபுரம் சாலைக்கு உள்ளே, காலப்போக்கில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். தொடக்கத்தில் கட்டியவை 200 சதுர அடியை ஒட்டியவை. ஒரு அறை, அதன் ஓரத்தில் சமையல் மேடை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி வந்தது. கடலில் பிழைத்தவர்களில் ஒரு பகுதியினரை, அலைச் சத்தம் எட்டாத இடத்தில் கொண்டுபோய் வைத்தோம். 2005இல் மத்திய அரசு கொண்டுவந்த ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் பணத்தில் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசையாக எழுந்தன. 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றுக் கரையிலும் கூவக் கரையிலும் இருந்த குடும்பங்கள் லாரிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு அங்கே போய் இறங்கின. வெள்ளத்திலிருந்து காப்பாற்றத்தான் அழைத்துப் போனார்கள். ஆனால் அந்தக் குடியிருப்புகள் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை அடுத்து நிற்கின்றன. அடைமழை பெய்தால் செம்மஞ்சேரியின் தெருக்களில் முழங்கால் தண்ணீர்.

ஏன் அவ்வளவு தூரம்? இதற்குப் பதில் கெட்ட எண்ணத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் வாரியத்தைத் திட்டுவதில் பொருளில்லை.

பல அடுக்குக் கட்டடத்தில் ஒரு வீடு கட்டி முடிக்க இன்று 10 லட்சம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. 2015இல் தொடங்கிய பிரதமரின் அனைவருக்கும் வீடு நகர்ப்புறத் திட்டத்தில், கூட்டாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் மத்திய அரசு தரும் பங்கு 1.5 லட்சம் ரூபாய். பெரும்பகுதியை மாநில அரசு போடுகிறது. மீதி, 'பயனாளி பங்களிப்பு' என்ற பெயரில் குடும்பத்தின் தலையில் வருகிறது. அது திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும். பல இடங்களில் லட்சத்தைத் தாண்டும். இந்தக் கணக்கு எதிலும் மனையின் விலை இல்லை என்பதைக் கவனியுங்கள். வாரியம் கட்டுவது பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு நிலத்தில். நகருக்குள் அப்படிப்பட்ட நிலம் ஒரு துண்டு கிடைத்தாலும் அதைக் கேட்டு மெட்ரோ ரயில் வரும், மேம்பாலம் வரும், அரசு அலுவலகம் வரும். புறநகரில் ஏக்கர் கணக்கில் நிலம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆயிரம் வீட்டை ஒரே ஒப்பந்தத்தில் கட்டலாம். வருட இறுதியில் இத்தனை வீடு முடிந்தது என்று அறிக்கையில் எழுதலாம். வீட்டை எண்ணிப் பார்க்கும் அரசு தூரத்தை எண்ணிப் பார்க்கவில்லை. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

தூரத்துக்கு விலை உண்டு. பெரும்பாக்கத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கோ மயிலாப்பூருக்கோ வேலைக்கு வரும் பெண்ணைப் பற்றி யோசிப்போம். நான்கு வீட்டில் வேலை. முதல் வீட்டில் ஆறரைக்கு நிற்க வேண்டும். அதற்கு விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சோறு வடித்து, பிள்ளைகளுக்கு டப்பாவில் கட்டிவைத்து, ஐந்து மணி வண்டியைப் பிடிக்க வேண்டும். முன்பு பத்து நிமிடம் நடந்து போன வேலை அது. இடையில் வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டு, படுத்திருக்கும் மாமியாருக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்த வேலை. இப்போது ஒருமுறை புறப்பட்டால் இரவுதான் திரும்பல். போக்குவரத்துக்குத் தாக்குப்பிடிக்காமல் இரண்டு வீட்டை விட்டுவிட்டேன் என்று சொன்னவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். வருமானம் பாதியாகும்போது, மலிவாகக் கிடைத்த வீடும் விலை கூடிய வீடுதான்.

2021இல் வந்த பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் இந்தக் குடியிருப்புகளில் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நேரில் கேட்டால்தான் தெரியும். மாதம் ஆயிரத்துக்கு மேல் மிச்சமாகிறது என்று ஒரு பூக்காரம்மா என்னிடம் விரல் மடக்கிக் கணக்குச் சொன்னார். அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் தங்களை அறியாமலே ஒரு வீட்டு வசதித் திட்டத்தையும் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அன்று நினைத்துக்கொண்டேன். ஆனால் காசு மிச்சமானாலும் பொழுது மிச்சமாகவில்லை. கணவனுக்கும் மகனுக்கும் கட்டணம் அப்படியேதான் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் வண்டி குறைந்தால் ஷேர் ஆட்டோ கேட்கும் காசைக் கொடுத்தாக வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு குடும்பத்தின் வீட்டுச் செலவு வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பழைய அளவுகோல். சிகாகோவில் உள்ள ஓர் ஆய்வு மையம் அதை மாற்றிப் போட்டது. வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் கூட்டு. அது 45 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வீடு கட்டுப்படியாகாத வீடு என்றது. இந்த அளவுகோலை ஓர் ஐந்து மணி பஸ்ஸில் ஏற்றிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினால் என்ன விடை வரும்? வாரியத்தின் பொறியாளர்களும் கணக்கு அதிகாரிகளும் திறமைசாலிகள். கேட்டால் அவர்களால் இந்தக் கணக்கைப் போட்டுத் தர முடியும். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளைகள் விஷயத்தில் தூரம் இன்னும் கொடியது. 2019 டிசம்பரில், தீவுத்திடலை ஒட்டிய சத்தியவாணிமுத்து நகரிலிருந்து குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டபோது கல்வியாண்டின் நடுப்பகுதி. பொதுத்தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகள் பழைய பள்ளிக்கே தினமும் வந்துபோக வேண்டியிருந்தது. கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் மூன்று மாதம் போய்வந்து தேர்வுக்குப் படித்த பிள்ளையின் உறுதியைப் பாராட்டத்தான் வேண்டும். அந்த உறுதியை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அரசு ஏன் கேட்க வேண்டும்? ஏப்ரல் முடிந்து மே மாதத்தில் மாற்றினால் என்ன குறைந்துபோகும்? இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், நாள்காட்டி ஒன்று போதும்.

அருகிலேயே வீடு கொடுப்பது முடியாத காரியமா? முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே அத்தாட்சி உண்டு, ஆனால் அது மிகக் கொடுமையான விலைக்கு வந்தது. 2022 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகளை இடித்துக்கொண்டிருந்தபோது, அங்கே வாழ்ந்த ஒருவர் தீக்குளித்தார். மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. அதற்குப் பிறகு சட்டப்பேரவையில் முதலமைச்சர், அந்த மக்களுக்கு மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் உள்ள வாரியக் குடியிருப்புகளில் வீடு ஒதுக்கப்படும் என்றார். மந்தைவெளி அங்கிருந்து நடை தூரம். ஒரு மனிதன் எரிவதற்கு முன்பும் அந்த மந்தைவெளி அங்கேதான் இருந்தது. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

கட்டடத்தின் தரத்தைப் பற்றியும் சொல்லாமல் விடக் கூடாது. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கேசவப் பிள்ளை பூங்காவில், புதிதாகக் குடியேறிய அடுக்குமாடிகளில் கையால் தட்டினாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்ததைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். ஐஐடி வல்லுநர்களைக் கொண்டு ஆய்வு நடந்தது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியத்தின் பழைய கட்டடம் ஒன்று இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைப் பார்த்துப் பயந்து குடியிருந்தவர்கள் முன்னதாகவே வெளியே ஓடிவந்ததால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. கட்டி முப்பது ஆண்டுகூட ஆகாத கட்டடம் அது. நம் பாட்டன்மார் சுண்ணாம்பும் கடுக்காயும் போட்டுக் கட்டிய திண்ணைகள் இன்னும் நிற்கின்றன.

இதில் ஒப்பந்ததாரரைக் கேள்வி கேட்கலாம், கேட்டாகவும் வேண்டும். ஆனால் பாதிக் கோளாறு கட்டி முடித்த மறுநாள் தொடங்குகிறது. எட்டு மாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் வேண்டும், மோட்டார் வேண்டும், கழிவுநீர்க் குழாயில் அடைப்பு எடுக்க ஆள் வேண்டும், மாடிப்படி விளக்குக்கு மின்கட்டணம் வேண்டும். குடிசையில் இருந்தபோது இந்தச் செலவு எதுவும் இல்லை. லிஃப்ட் நின்றுவிட்டால் ஏழாவது மாடியில் இருக்கும் மூட்டுவலிக்காரப் பாட்டி ரேஷன் கடைக்கே போக முடியாது. கர்ப்பிணிப் பெண் இரண்டு குடம் தண்ணீரோடு ஏற வேண்டும். வாரியம் மாதப் பராமரிப்புத் தொகை கேட்கிறது. வேலை குறைந்த குடும்பம் கட்ட முடியாமல் பாக்கி வைக்கிறது. பாக்கி ஏறினால் பழுது பார்ப்பது தள்ளிப்போகிறது. இந்தச் சுற்றை உடைக்க, குடியிருப்போர் சங்கங்கள் திரட்டும் தொகைக்கு ஈடாக அரசும் பங்கு போடும் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்ற திட்டம் வந்திருக்கிறது. நல்ல யோசனை, மனமாரப் பாராட்டுகிறேன். சங்கம் ஒழுங்காக நடக்கும் பிளாக்குகளில் படிக்கட்டைப் பார்த்தாலே தெரிகிறது. பெண்கள் பொறுப்பேற்ற சங்கங்களில் வரவுசெலவுத் தாள் சுவரில் ஒட்டியிருக்கும். ஆனால் லிஃப்ட்டையும் தண்ணீரையும் சங்கத்தின் தலையில் விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. அவை வீட்டின் அங்கம். கதவு வைக்காமல் வீடு கொடுப்போமா?

இவ்வளவு குறை சொன்ன பிறகு கண்ணகி நகரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். அந்தப் பெயரை விண்ணப்பத்தில் எழுதினாலே வேலை தர யோசித்த முதலாளிகள் உண்டு. சவாரி வர மறுத்த ஆட்டோக்காரர்கள் உண்டு. அங்கே பிறந்த பிள்ளைகள் இருபது ஆண்டாக அந்த முகவரியைச் சுமந்து வளர்ந்திருக்கிறார்கள். 2020இல் ஓவியர்கள் வந்து கட்டடச் சுவர்களில் ஆளுயரத்துக்கும் பல மடங்கு பெரிதாக அந்த ஊர் முகங்களை வரைந்தார்கள். அதைப் பார்க்க நகரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். தமிழ்நாடே ஊர்ப் பெயரோடு சேர்த்துத்தான் அவரை அழைத்தது. வீட்டுக்குள் கால் நீட்ட இடமில்லாத குடியிருப்பில், இரண்டு கட்டடத்துக்கு நடுவே கிடைத்த மைதானத்தில் விளையாடிக் கற்றவர்கள் இந்தப் பிள்ளைகள். ஆயிரம் வீட்டுக்கு ஒரு மைதானம், ஒரு நூலகம், மாலையில் வெளிச்சம். இதற்கு நிலம் ஒதுக்கும்போது யாரும் கை இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது நகருக்குள் உள்ள பழைய வாரியக் கட்டடங்களை இடித்து, அதே இடத்தில் பெரிய வீடுகளாகத் திரும்பக் கட்டும் வேலை நடக்கிறது. கட்டி முடிக்கும்வரை வெளியே வாடகைக்கு இருக்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் கருணைத்தொகை தருகிறார்கள். 8,000 ரூபாயாக இருந்ததை 24,000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். மனதுக்கு நிறைவு தரும் மாற்றம் இது. 1970களில் வாரியம் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் சென்னையில் ஒன்றரை, இரண்டு ஆண்டு வாடகைக்கு 24,000 எத்தனை மாதம் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். முன்பணம் கொடுத்தாலே தீர்ந்துவிடும். கட்டுமானம் தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் தொகை கூட வேண்டும். அப்போது ஒப்பந்தமும் வேகமாக நகரும்.

வாரியத்திடம் நான் கேட்பது அதிகமில்லை. எந்தத் திட்டத்தை அறிவித்தாலும், வீட்டின் சதுர அடிக்குப் பக்கத்தில், பழைய இடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், பஸ்ஸில் எவ்வளவு நேரம், முதல் வண்டி எத்தனை மணிக்கு, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று நான்கு வரி சேர்த்து அச்சிடட்டும். இடம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் சுகாதார நிலையமும் திறந்த பிறகு மாற்றட்டும். 1985க்குப் பிறகு மூடிக்கிடக்கும் அந்தப் பட்டியலைத் திறக்கட்டும். மறுகுடியமர்வுக் கொள்கைக்கு 2021இல் அரசு வரைவு வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. அந்த மக்கள் கேட்பதும் இவற்றைத்தான் என்று அவர்களோடு பேசிய யாரும் சொல்வார்கள்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் வாரிய வீட்டுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களும் இருப்பீர்கள். உங்களுக்குச் சில வார்த்தைகள். மத்தியத் திட்டத்தின் கீழ் வரும் வீடுகளுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்தில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. வீடு குடும்பத் தலைவியின் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ வரும்படி கேளுங்கள். திட்டத்தின் விதியே அதைத்தான் சொல்கிறது. விண்ணப்பத்தை உங்கள் பகுதிக்கான வாரியத்தின் கோட்ட அலுவலகத்தில் நேரில் கொடுங்கள், கையெழுத்தும் தேதியும் போட்ட ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். "நான் வாங்கித் தர்றேன், இவ்வளவு குடு" என்று வரும் எவரிடமும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். தாலியை அடகு வைத்து அப்படிக் கொடுத்து ஏமாந்த கதைகள் காவல் நிலையங்களில் குவிந்திருக்கின்றன. பங்களிப்புத் தொகையை வங்கி மூலமே செலுத்துங்கள், ரசீதை நகல் எடுத்து வையுங்கள். ஒதுக்கீட்டு ஆணை வந்ததும் அதில் உள்ள பெயரை ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பிளாக் எண்ணையும் கதவு எண்ணையும் சரிபாருங்கள். ஓர் எழுத்துப் பிழை பிற்பாடு விற்பனைப் பத்திரம் வாங்கும்போது வருடக்கணக்கில் அலைய வைக்கும். பணம் முழுதும் கட்டி முடித்தவர்கள் பத்திரத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். தகப்பன் காலத்தில் வாங்காமல் விட்டதால், பிள்ளைகள் காலத்தில் யார் பெயரில் வீடு என்று தெரியாமல் நிற்கும் குடும்பங்கள் பழைய குடியிருப்புகளில் நிறைய.

வாரியக் குடியிருப்புகளில் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் வேலைக்குப் போகும் பஸ்ஸின் எண், வீட்டை விட்டுப் புறப்படும் நேரம், வேலை இடத்தைச் சேரும் நேரம், திரும்பும் நேரம், ஒரு மாதத்துக்கு ஆகும் செலவு. இவற்றை ஒரு அஞ்சலட்டையில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். உங்கள் பெயரை வெளியிட மாட்டோம். கோயம்புத்தூர், மதுரை, திருச்சி, தூத்துக்குடி என்று எந்த ஊரிலிருந்தும் எழுதலாம். வருகிற அட்டைகளை ஊர்வாரியாகத் தொகுத்து அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம், ஒரு பிரதியை வாரியத்தின் மேலாண்மை இயக்குநருக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்